மயில்நீல பீரோவில் இனித் துணியை அடுக்கு

அன்பு மகள் பவித்ராவுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். முயற்சி பண்ணினேன். நேற்று மட்டும் மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் திண்டிவனத்தில் மழை உண்டா, மல்லாட்டைக் கடலை என்ன விலை என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நான் பேச ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் எனக்கு இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லத் தோன்றும். அப்படிச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னதில்தான் இத்தனை பேஜாரும் வந்தது. காகிதம் சிரிக்காது, அதனால் எழுதுகிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. சரியாகச் சொன்னால், எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முந்தைய நாள் வரை. எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள், விஷயத்தைத் திருத்தாதே. இது மூடி வைக்கிற கடிதமும் இல்லை. உன் மாமியார் படிக்கலாம், மாமனார் படிக்கலாம், மாப்பிள்ளையின் பெரியம்மா படிக்கலாம், சிலிண்டர் போட வருகிறவர் நின்று படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எனக்கு எரிச்சல் இன்னும் தீரவில்லை. யார் மேல் என்று கேட்காதே, வரிசையாக எல்லார் மேலும்தான். போன வாரம் உங்கள் ஊரில் ஒரு வளைகாப்புக்கு நம் கடையிலிருந்து நூறு வாடகைச் சேர் இறக்கிவிட்டு, பக்கத்துத் தெருதானே, பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று டெம்போவை உன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். கையில் ஒரு சீப்புப் பழம், ஒரு கிலோ ஸ்வீட். சரி, அரைக் கிலோ. இன்றைக்கு உண்மை எழுதுகிற நாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து உன் மாமியார் குரல் கேட்டது. "பவித்ரா, பீரோவுல எதுனா இருந்தா எடுத்துடும்மா. உங்க சித்தப்பா டெம்போ வந்துக்கீது." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பால் வந்திருக்கிறது, பாத்திரம் எடு என்பதுபோலச் சொன்னார். "அதெல்லாம் இல்லைங்க அத்தை, சும்மா பாத்துட்டுப் போவ வந்திருக்காரு" என்று நீ சொன்னாய். அவர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். டெம்போ காலியாக இருந்தது. சேரை இறக்கிவிட்டு வந்த வண்டி பின்னே எப்படி இருக்கும்? ஆனால் அந்தக் காலி டெம்போவே அவருக்குச் சாட்சி ஆகிவிட்டது.

நீ காப்பி போடப் போன நேரத்தில் நான் உன் அறைக்குள் போய் அந்த பீரோவைத் திறந்தேன். நாம் இரண்டு பேரும் முதுகு ஒடியத் தேய்த்துப் பெயிண்ட் அடித்த மயில்நீல பீரோ. நாலு தட்டும் காலி. ஒரே ஒரு அந்துருண்டை மட்டும் கதவு அசைந்ததில் உருண்டு வந்து என் விரலில் முட்டியது. உன் புடவை, சுடிதார், கல்யாணப் பட்டு எல்லாம் கட்டிலுக்கு அடியில் சூட்கேஸுக்குள். மூன்று மாதமாக! எப்போது வந்து எடுத்துக்கொண்டு போவார்களோ, அதில் எதற்குத் துணியை அடுக்க வேண்டும் என்று உன் மாமியார் சொன்னாராம். மாப்பிள்ளை இழுத்து இழுத்து எனக்குச் சொன்னார். சமையலறையில், "சோறு வெந்துடுச்சுங்க அத்தை" என்றாய். அவர் வந்து மூடியைத் திறந்து, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்த பிறகுதான் அது வெந்தது. "தண்ணி மோட்டார் நிறுத்திட்டேன்" என்றாய். அவர் போய்ச் சுவிட்சைப் பார்த்துவிட்டு வந்தார். நீ சொல்கிற எதுவும் அந்த வீட்டில் ஒரு தடவையில் நிற்பதில்லை. அவர் கெட்டவர் இல்லை, என் தட்டில் இரண்டு வடை கூடுதலாகவே வைத்தார். உன் பேச்சை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல. நான் கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்து நீ மெதுவாகச் சொன்னாய்: "சித்தப்பா, இனிமே டெம்போவுல வராதீங்க. பஸ்ல வாங்க."

விழுப்புரம் வரும் வரைக்கும் வண்டியில் தனியாகத் திட்டிக்கொண்டே வந்தேன். உன்னையும் திட்டினேன். தலை தீபாவளிக்கு வந்தபோது இரண்டு நாள் இருந்தாயே, அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? அதிரசம் நன்றாக இருக்கிறது, லேகியம் காரமாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லத் தெரிந்தது. உனக்கு மூன்று வயதில் என் அண்ணன் போனதிலிருந்து நீ என் தோளில் வளர்ந்தவள். உன் அம்மா இதைப் படித்தால், "தோள்ல வெச்சுக்கினது நீங்க, சோறாக்கிப் போட்டது யாரு தம்பி?" என்பார், அதுவும் சரிதான். ஆனாலும் அண்ணன் மகள் என்று உன்னை நான் ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை, என் மகள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இந்தக் கத்தலும். உன் பேச்சுக்கு அந்த வீட்டில் மரியாதை இல்லாமல் போனதற்குக் காரணம் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் என்று இத்தனை நாளாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பெயிண்ட் பாவம். முதலிலிருந்து சொல்கிறேன், கேள்.

நிச்சயம் பேச உன் மாமியார் வீட்டுக்கு நாம் போன அன்று அவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்டார்கள். அதைத் தவிர வேறு ஒன்றுமே கேட்கவில்லை. நான்தான் துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். "எங்க பொண்ணுக்கு தேக்குக் கட்டிலு, தேக்கு மேசை, ரெட்டைக் கதவு பீரோ, எல்லாம் ஆர்டர் குடுத்தாச்சுங்க. ஆசாரி ஆறு மாசமா இழைச்சுக்கினு கீறாரு. திருவக்கரையில கல்லாவே ஆயிப்போன மரம் இருக்குதே, அதுக்கே அண்ணன் மாதிரி உழைக்கும்" என்றேன். உன் மாமனார் மரியாதைக்குத் தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாய், "எந்த ஆசாரி சித்தப்பா?" "இனிமேத்தான் தேடணும்" என்றேன். விக்கிரவாண்டி வரைக்கும் நீ ஃபோனைத் தடவிக்கொண்டே வந்தாய். பிறகு அதை என் பக்கம் திருப்பிக் காட்டினாய். யாரோ ஒரு பெண், குப்பையில் கிடந்த மாதிரி ஒரு அலமாரியைத் தேய்த்து, வண்ணம் அடித்து, பொம்மைக் கடையில் வைக்கலாம்போல ஆக்கியிருந்தாள். "கடன ஒடன வாங்க வேணாம். பழசு வாங்குவோம், பெயிண்ட் நான் அடிக்கறேன்" என்றாய். "சீர்வரிசைக்குப் பழைய சாமானா? ஊரு சிரிக்கும்டி" என்றேன். "ஊரா சித்தப்பா அதுல படுக்கப் போவுது?" என்றாய். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அப்போதே எரிச்சல்.

ஆனால் வாங்குவது என்று இறங்கிவிட்டால் என்னை மிஞ்ச விழுப்புரம் மாவட்டத்தில் ஆள் கிடையாது, அதை நீயே பார்த்தாய். ரயில்வேயில் மாற்றலாகிப் போகிற குடும்பம் ஒன்று பீரோவை ஏற்றிக்கொண்டு போக முடியாமல் தவிப்பதை மோப்பம் பிடித்தது யார்? கண்டாச்சிபுரத்தில் ஒரு விவசாயி வீட்டில் மல்லாட்டை மூட்டை அடுக்கிவைத்திருந்த கட்டிலை, மூட்டைக்குக் கீழே இருக்கும்போதே கட்டில் என்று கண்டுபிடித்தது யார்? பேரம் பேசியதில் அந்த மனிதர் கட்டிலைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டு வழியனுப்பினார் என்று உன் சித்தியிடம் சொல்லியிருந்தேன். கும்பிட்டது நான்தான், ஏற்றுவதற்கு ஒரு கை பிடியுங்கள் என்று. கண்ணாடி மேசை பழைய சாமான் கடையில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. கண்ணாடி இல்லை, இழுப்பறைக்குக் குமிழ் இல்லை, நாலு காலில் மூன்றுதான் ஒரே உயரம். இனிமேல் நீ பழசு ஏதாவது வாங்கப் போனால் மேலே பளபளப்பைப் பார்க்காதே. கவிழ்த்துப் போட்டு அடியைப் பார். காலடியில் மாவு மாதிரி உதிர்ந்திருந்தால் வண்டு அரிக்கிறது, வேண்டாம். கட்டில் என்றால் மூட்டுச் சந்தெல்லாம் ஊசியால் குத்திப் பார். மூட்டைப்பூச்சியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தால் சம்பந்தம் மூன்றாம் நாளே முறியும். இரண்டு நாள் வெயிலில் கிடத்து, கொதிக்கிற தண்ணீரைச் சந்துகளில் ஊற்று. இதை நான் யாரிடமும் படிக்கவில்லை. நம் கடைப் பெஞ்சுகள் கற்றுக்கொடுத்தன.

பெயிண்ட் அடித்த கதையில் என் பெருமையைச் சொல்ல ஆசைதான், ஆனால் நீ பக்கத்தில் இருந்தாயே. பந்தக்கால் முந்நூறுக்கு நான் ஒரு கையால் பெயிண்ட் அடித்தவன், எனக்கு ஒரு பீரோ எம்மாத்திரம் என்று ஆரம்பித்தேன். நீ உப்புத்தாளை எடுத்துக்கொண்டு, "மொதல்ல துருவெல்லாம் தேய்க்கணும், அப்புறம் ரெட் ஆக்சைடு அடிக்கணும், அப்புறந்தான் கலரு" என்று வீடியோவில் பார்த்ததை ஒப்பித்தாய். "அதெல்லாம் தொழில் தெரியாதவன் செய்யறது. ஜல்தியா ரெண்டு கோட்டு வெச்சா பீரோ ஜொலிக்கும்" என்று துரு மேலேயே நீலத்தைப் பூசினேன். மூன்றாம் நாள் பீரோவின் வயிறெல்லாம் அப்பளம் மாதிரி பொரிந்து எழுந்தது. கரண்டி வைத்துச் சுரண்டினோம், நாலு நாள். நீ ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அப்புறம் ஆடிக்காற்று. ஈரப் பெயிண்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்து வந்து மண்ணும் முருங்கை இலையுமாக ஒட்டியது. காற்றுக் காலத்தில் வெளியில் வைத்து அடிக்காதே. அடித்தால் பழைய சாமியானாத் துணியை நாலு பக்கமும் கட்டிக்கொண்டு அடி. டப்பாவில் அடியில் தங்கின பெயிண்டைத் தூக்கிப் போடாதே, மேலே பாலாடை மாதிரி கட்டினதை எடுத்துவிட்டு, பழைய நைலான் புடவைத் துண்டில் வடிகட்டினால் ஒரு இழுப்பறைக்குக் காணும். நம் மேசையின் மூன்று இழுப்பறைகளும் அப்படித்தான் மஞ்சள், ரோஸ், கிளிப்பச்சை என்று மூன்று நிறம் ஆயின. "இது இன்னா கல்யாண மேசையா, அங்கன்வாடியா?" என்று நான் கேட்டதற்கு, "ரெண்டுக்கும் நடுவுல அதிக தூரம் இல்லை சித்தப்பா" என்று நீ சொன்னதைக் கேட்டு உன் சித்தி தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

கட்டிலுக்குத்தான் பெரிய ரகளை. தலைமாட்டில் பட்டை பட்டையாக அடிக்கலாம் என்று நான் கடையில் மிஞ்சியிருந்த இரண்டு டப்பாவை எடுத்து அடித்து முடித்துத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் போன டீக்கடைக்காரர் சைக்கிளை நிறுத்தி, "இன்னா மாமா, எப்ப கட்சி மாறினே?" என்றார். எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன், கடிதம் பல கை போகும். அதை அழிக்க நடுவில் மூன்றாவது வண்ணம் ஒரு பட்டை அடித்தேன். அது இன்னும் மோசம். நம் ஊரில் ஒரு வண்ணம் தனியாக இருக்கும் வரைக்கும்தான் வண்ணம். பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் கட்சி. மூன்றாவதையும் வைத்தால் சாதி மாநாடு. காவியும் வெள்ளையும் வைத்தால் கோயில் மதில். கடைசியில் நீ வந்து எல்லாவற்றின் மேலும் பீரோவுக்கு அடித்த அதே மயில்நீலத்தைப் பூசி, ஓரத்தில் விரல் அகலத்துக்கு மாம்பழ மஞ்சளை இழுத்து விட்டாய். கோணல் இல்லாமல் அந்தக் கோட்டை நீ இழுத்தபோது நான் மூச்சு விடவில்லை. காய்ந்த பிறகு மூன்று சாமான்களையும் வரிசையாக வைத்தோம்.  உன்னிடம் சுமார்தான் என்றேன். இப்போது எழுதுகிறேன்: நான் போட்ட எந்தப் பந்தலும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

இனி அந்த வெள்ளைப் பெயிண்ட். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு. நீ மருதாணி வைத்துக்கொண்டு கையை ஆட்டாமல் உள்ளே உட்கார்ந்திருந்தாய். நான் முற்றத்தில், உன் கல்யாணத்துக்கென்றே வாங்கிய முந்நூறு புதுச் சேர்களுக்குக் கடை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தேன். வாடகைக் கடைக்காரன் ஒரு சாமானை வெளியே விடுவதற்கு முன் முதலில் செய்கிற காரியம் அதுதான். பின்பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் எஸ்.கே. என்று போட்டு அதன் கீழே எண். போடாவிட்டால் நம் சேர் இன்னொரு கடைக்காரன் சேரோடு போய்விடும். முப்பது வருஷப் பழக்கம், கண் பார்க்க வேண்டாம், கை தானாக எழுதும். முந்நூறாவது சேர் முடிந்தது. மருதாணி நன்றாகச் சிவந்ததா என்று உன் அம்மா உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார். நான் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே நகர்ந்தேன், அடுத்து நின்ற சாமானுக்கும் போட்டேன், அதற்கடுத்ததற்கும் போட்டேன். பீரோவின் முதுகில் எஸ்.கே. 301. கட்டில் தலைமாட்டின் பின்னால் எஸ்.கே. 302. மேசைக்கு 303. பிரஷைக் கழுவிவிட்டுக் குளிக்கப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நினைவே இல்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, உன் புகுந்த வீட்டில் சாமான்களை இறக்கினோம். வண்டி நம் டெம்போ. பக்கவாட்டில் 'சேர், டேபிள், பாத்திரம் வாடகைக்குக் கிடைக்கும்' என்று கொட்டை எழுத்து. ஆட்கள் கட்டிலைத் திருப்பித் தூக்கியபோது மாப்பிள்ளையின் பெரியம்மா பார்த்துவிட்டார். "இன்னாடி இது, எஸ்.கே. முந்நூத்தி ரெண்டுன்னு எழுதிக்கீது? நேத்து மண்டபத்துல நான் குந்திக்கினு இருந்தேனே, அந்தச் சேருலயும் இதே எஸ்.கே.தானே!" தெருவே வாசலில் நின்றது. உன் மாமியார் முகம் சிறுத்துப் போனது. "ஏங்க சம்பந்தி, நாங்க ஒண்ணும் கேக்கலியே. வாடகை சாமானை ஏத்திக்கினு வந்து எங்க வீட்டு வாசல்ல எறக்கணுமா? எப்ப திருப்பி எடுத்துக்கினு போவீங்க, அதையாவது சொல்லிடுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முன்னால் வந்தாய். புதுப் புடவை, தலையில் வாடாத பூ. "வாடகை இல்லைங்க அத்தை. பழசு வாங்கினது. நானும் சித்தப்பாவும் சேந்து பெயிண்ட் அடிச்சோம். கைமறதியா கடை நம்பரைப் போட்டுட்டிருக்காரு. இது எங்களுதுதான்" என்றாய். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தெளிவாகச் சொன்னாய். உன் மாமனார், "அவ்ளோதானே, இதுக்கு எதுக்குக் கூட்டம்?" என்று துண்டைத் தோளில் போட்டார். அந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம், பவி. அவர்கள் உன்னை நம்பிவிட்டார்கள்.

நான் முடிய விடவில்லை. "பழசு" என்ற வார்த்தை காதில் விழுந்ததும், நிச்சயத்தன்று நான் அதே வீட்டில் இழைத்த ஆறு மாசத் தேக்கு எனக்கு ஞாபகம் வந்தது. "அய்ய, கொயந்த வெளாட்டுக்குச் சொல்லுதுங்க! பழசாவது! புத்தம் புதுத் தேக்கு, ஆர்டர் குடுத்துச் செஞ்சது. அது ஆசாரியோட நம்பரு" என்றேன். பெரியம்மா விடவில்லை, "தேக்குக்கு எவன்னா நீலம் அடிப்பானா?" என்றார். "மலேசியாவுல இப்ப இதாங்க மாடலு" என்றேன். ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். உன் மாமியார் மட்டும் சிரிக்காமல் உன்னைப் பார்த்தார். என்னை இல்லை, உன்னை. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டும் பொய் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நான் சாயங்காலம் டெம்போ ஏறி விழுப்புரம் வந்துவிட்டேன், நீ அந்த வீட்டில் இருந்தாய். தாலி ஏறி ஒரு நாள்கூட ஆகாத பெண்ணை, அவள் சொன்ன முதல் வார்த்தையிலேயே பொய்க்காரி ஆக்கிவிட்டு நான் வீட்டுக்கு வந்து, சீர்வரிசையைப் பார்த்துத் திண்டிவனமே அசந்துவிட்டது என்று தெருவில் சொன்னேன். ஆறு வீட்டில் சொன்னேன். உன் அம்மா மட்டும் கேட்டார், "ஏன் தம்பி, பவி சொன்னதை ஆமான்னு ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?" எனக்குக் கோபம் வந்து அன்று சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டேன்.

நீ நாலாவது படிக்கும்போது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன் டீச்சரிடம் நான் பி.ஏ. என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு நாள் அந்த அம்மா ஏதோ ஒரு இங்கிலீஷ் காகிதத்தை என் கையில் கொடுத்து, படித்துப் பார்த்து சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள் என்றார். எனக்குக் காகிதத்தின் எந்தப் பக்கம் மேலே என்றுகூடத் தெரியவில்லை, வேர்த்துவிட்டது. ஒன்பது வயது நீ, ரெட்டைச் சடையோடு எழுந்து வந்து, "சித்தப்பா கண்ணாடி எடுத்துக்கினு வரலை டீச்சர், நான் படிச்சுக் காட்டறேன்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தாய். அப்போது என்னிடம் கண்ணாடியே கிடையாது.  இன்று வரைக்கும் உன் அம்மாவிடம்கூட நீ சொன்னதில்லை என்பது எனக்குத் தெரியும். என் மானத்துக்காக நீ ஒன்பது வயதில் ஒரு பொய் சொன்னாய். உன் மானத்துக்காக நான் ஐம்பத்தெட்டு வயதில் ஒரு உண்மையைச் சொல்லவில்லை. இதை எழுதுவதற்குத்தான் மூன்று தடவை ஃபோன் பண்ணி மழையைப் பற்றிப் பேசினேன்.

நான் பொய் சொல்கிறவன் என்று என்னை நான் நினைத்ததே இல்லை. கொஞ்சம் மெருகு போடுகிறவன் என்று நினைத்திருந்தேன். நூறு பேர் சாப்பிட்ட பந்தியை ஐந்நூறு என்று சொன்னால் யாருக்கு நஷ்டம்? சாப்பிட்டவர்களுக்குக்கூட அது சந்தோஷம்தான். நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று நம் தெருவில் எல்லாருக்கும் தெரியும், அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. திண்டிவனத்தில் அது யாருக்கும் தெரியாது என்பது எனக்குத் தோன்றவில்லை. அங்கே என் பேச்சில் கழிக்க வேண்டியதை உன் பேச்சில் கழித்துக்கொண்டிருக்கிறார்கள். நீயும் இனி ஒன்றைக் கவனமாக வைத்துக்கொள். யாராவது உன் பக்கத்தில் நின்று உன்னைப் பெரிதாக்கிப் பேசினால், அது நானே ஆனாலும், அங்கேயே கையைப் பிடித்து நிறுத்து. பெரியவர் என்று பார்க்காதே. நீ அன்று இன்னொரு முறை, "இல்லைங்க, சித்தப்பா சொல்றது தப்பு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாய். எனக்காகத்தான் குனிந்தாய் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அதில்தான் எனக்கு உன் மேல் எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம்.

அந்த நம்பரைத் தேய்த்து அழித்துவிடலாம் என்று நீ நினைத்து, அழித்தால் அடையாளத்தை மறைக்கிறாள் என்பார்களோ என்று விட்டுவிட்டாயாம். மாப்பிள்ளை சொன்னார். நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் வாய் கொஞ்சம் குறைவு. நம் குடும்பத்தில் ஒருவருக்கு வாய் அதிகம் என்பதால் கணக்கு சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். உன் சித்தியும் வருகிறாள், எனக்குக் காவல். மாமியார், மாமனார் இரண்டு பேரையும் ஹாலில் உட்காரச் சொல். பெரியம்மாவும் கண்டிப்பாக இருக்க வேண்டும், அவர் காதில் ஒரு முறை விழுந்துவிட்டால் மற்ற தெருக்களுக்கு நான் தனியாகப் போக வேண்டியதில்லை. நீ சூட்கேஸைத் திறந்து சனிக்கிழமையே துணியெல்லாம் அடுக்கிவிடு. நான் வந்து சொன்ன பிறகு அடுக்கலாம் என்று காத்திருக்காதே. அது உன் பீரோ, யாருடைய வாயிலிருந்தும் வார்த்தை வந்து அது உன்னுடையது ஆக வேண்டியதில்லை. மேல் தட்டில் பட்டுப்புடவை வை. கீழ்த் தட்டில் பெயிண்ட் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும், ஒரு காகிதம் விரித்துக்கொள்.

என்ன சொல்லப் போகிறேன் என்று நேற்று உன் சித்தியை உன் மாமியாராக ஸ்டூலில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். முதல் தடவை, கலெக்டர் வந்த விழாவுக்கு நான் பந்தல் போட்டதிலிருந்து ஆரம்பித்தேன். கால் மணி நேரம் கழித்து உன் சித்தி, "ஏங்க, கட்டிலு இன்னும் வரவேயில்லையே" என்றாள். இரண்டாவது தடவை கட்டில் சீக்கிரம் வந்தது, ஆனால் எப்படியோ தேக்கையும் தாண்டி நூக்கு மரமாக வந்தது. மூன்றாவது தடவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, "ஆனாலும் தேக்குக்குக் கொறைஞ்சது இல்லைங்க" என்று முடித்தேன். "அந்த ஆனாலும் எதுக்கு?" என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று நாலாவது தடவை சொன்னேன்: "அன்னிக்குப் பவித்ரா சொன்னதுதான் நெசங்க. நான் சொன்னது பொய்."

உன் சித்தி ஸ்டூலில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்புறம்?" என்றாள். "அப்புறம் ஒண்ணும் இல்ல, அவ்ளோதான்" என்றேன். அவள் நம்பவில்லை. இன்னும் நான் ஏதாவது சொல்வேன் என்று அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்துகொண்டே இருந்தாள்.

உன் சித்தப்பா